நான்கு மூலைத் திருத்தமும் ஆறு சட்டைக் கைகளும்

அனுப்புநர்:
தையல் பயிற்றுநர் (வெட்டுப் பிரிவு),
மகளிர் தொழிற்பயிற்சி நிலையம்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
தொழிற்பயிற்சித் தேர்வுத் துறை.

பொருள்: சட்டை தைத்தல் செய்முறைத் தேர்வு – தேர்வு எண் 1, 2, 3, 6, 7, 8 ஆகியோரின் தோல்வியை ரத்து செய்து மறுதேர்வு நடத்தக் கோருதல் – தவறுக்குக் காரணமானவர் மீது புகார் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு, நாள் பிப்ரவரி 27. 2. அதை முடித்துவைத்த தங்கள் அலுவலக ஆணை, நாள் மார்ச் 10.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. எங்கள் நிலையத்தில் பிப்ரவரி 17 அன்று நடந்த செய்முறைத் தேர்வில் எட்டு மாணவியர் கலந்துகொண்டனர். இருவர் தேறினர், ஆறு பேர் தேறவில்லை. மருத்துவமனைச் சீருடைத் தையல் பிரிவு இந்த ஆண்டு எங்கள் நிலையத்திலிருந்து எட்டுப் பேரை வேலைக்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறது. தேறியவர்களின் பட்டியல் மார்ச் 31-க்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்குள் மறுதேர்வு நடக்காவிட்டால் ஆறு பேருக்கும் அந்த வேலை கிடையாது. அடுத்து அவர்கள் ஆள் எடுக்க மூன்று ஆண்டுகள் ஆகுமாம். அந்த ஆறு பேரில் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை என்பதைத் தங்களுக்குக் காட்டவே இந்த மனு.

2. இதே கோரிக்கையுடன் நான் முன்பு அனுப்பிய மனுவில், புதிய புரொஜெக்டரின் இயந்திரக் கோளாறே காரணம் என்று எழுதியிருந்தேன். அதன்பேரில் கம்பெனி மெக்கானிக் மார்ச் 5 அன்று வந்து சோதித்து, கோளாறு எதுவும் இல்லை என்று சான்று கொடுத்தார். தங்கள் அலுவலகமும் மனுவை முடித்துவைத்தது. அந்தச் சான்று சரியானது. மெக்கானிக் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை; நான் எழுதிய காரணம்தான் சரியில்லை. சரியான காரணத்தை ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதால் மனு சற்று நீளும். பொறுமையுடன் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

3. சென்ற ஆண்டு வரை தேர்வுக்கான சட்டைக் கையின் மாதிரி காகிதத்தில் வரும். அதை ஒருவர் மாற்றி ஒருவர் வைத்து வரைவதற்குள் ஓரம் கிழிந்து, எட்டாவது ஆளுக்குக் கந்தலாகப் போய்ச் சேரும். இந்த ஆண்டு மாதிரி பென் டிரைவில் வரும் என்றும், அதை உண்மையான அளவில் சுவரில் காட்ட வேண்டும் என்றும் துறைச் சுற்றறிக்கை வந்தது. ஒரே கையின் படம் எட்டு முறை வரிசையாகச் சுவரில் விழும். எட்டு மாணவியரும் அவரவர் இடத்தில் பிரவுன் தாளைக் குத்தி, விழும் கோட்டின் மேல் வரைந்து, அந்தத் தாளை வைத்துத் துணியை வெட்ட வேண்டும். சட்டையின் உடல் பகுதியை அவரவர் டேப் வைத்து அளந்தே வெட்ட வேண்டும். பிறகு உடலில் கையைப் பொருத்தித் தைக்க வேண்டும். திட்டம் நல்ல திட்டம். நான் அதை வரவேற்றவள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

4. ஜனவரி 20 அன்று புரொஜெக்டர் வந்தது. பெட்டிக்குள் இயந்திரம், ரிமோட், இரண்டு வயர், பதினான்கு மொழிகளில் ஒரு விளக்கப் புத்தகம் ஆகியவை இருந்தன. பதினான்கில் நம் மொழி இல்லை. படம் போட்டிருந்த பக்கங்களைப் படம் பார்த்தும், மற்றவற்றை அகராதி வைத்தும் படித்தேன். முதல் நாள் சுவரில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட விழவில்லை. லென்ஸுக்கு ஒரு மூடி இருக்கிறது, அதைக் கழற்ற வேண்டும் என்பதை ஸ்டோர் கீப்பர் கண்டுபிடித்தார். இன்று வரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். இரண்டாம் நாள் படம் தலைகீழாக விழுந்தது. இயந்திரத்தைக் கவிழ்த்து, இரண்டு துணிக் கட்டுகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்து, இரண்டு நாள் அப்படியே வேலை பார்த்தோம். கூரையில் தொங்கவிடுபவர்களுக்காக வைத்த வசதி அது, ஒரு பொத்தானை அழுத்தினால் படம் நிமிர்ந்துவிடும் என்று பதினேழாம் பக்கத்தில் இருந்தது. நான் அப்போது பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தேன்.

5. படத்தை உறைய வைக்க ஒரு பொத்தான் உண்டு. அது தெரியாமல் அழுத்தப்பட்ட நாளில், லேப்டாப்பில் எதை மாற்றினாலும் சுவரில் ஒரே காலர்தான் நின்றது. லேப்டாப்பை நான்கு முறை அணைத்துப் போட்டேன். சுவரை இருட்டாக்க இன்னொரு பொத்தான். அதற்காக எலக்ட்ரீஷியனையே வரவழைத்தோம். அவர் வந்து பார்த்துவிட்டு, ஒரு விரலால் சரிசெய்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசியிருந்தால்கூடத் தேவலை. சிக்கன வெளிச்சம் என்று ஒரு வசதியை நானே தேடிப் போட்டேன். கோடு கண்ணுக்குத் தெரியாமல் போனதால் நானே எடுத்தும் விட்டேன். வீட்டில் சாப்பிடும்போதும் அந்தப் புத்தகம் தட்டுக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. “நம்ம கல்யாணப் பத்திரிகையக்கூட நீ இவ்வளவு கவனமாப் படிக்கல” என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இது மனுவுக்குத் தேவையற்ற செய்தி. ஆயினும் நான் புரொஜெக்டர் விஷயத்தில் அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் கருதிவிடக் கூடாது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

6. அளவைச் சரிபார்க்கும் முறை எளிது. துறை அனுப்பிய படத்தின் நடுவில், நான்காம் கைக்கும் ஐந்தாம் கைக்கும் இடையே, ஓர் அடி நீளக் கோடு ஒன்று படுக்கையாக இருக்கும். சுவரில் அந்தக் கோடு டேப்பில் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வரும் வரை லென்ஸின் வளையத்தைத் திருப்ப வேண்டும். வந்துவிட்டால் எல்லாம் சரியான அளவில் இருக்கிறது என்று பொருள். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களும் இப்படித்தான் பழகினோம். எட்டுப் பேருடைய கைகளும் சட்டையில் கச்சிதமாகப் பொருந்தின.

7. ஒன்று மட்டும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. படம் விழுவதற்காக, வெட்டு அறைச் சுவரில் பத்தடி நீளத்துக்கு வெள்ளை அடித்திருந்தோம். பெயின்டர் மேல் ஓரத்துக்கு உத்தரத்தையும், கீழ் ஓரத்துக்குப் பழைய அலமாரித் தட்டு இருந்த தடத்தையும் கோடாக வைத்துக்கொண்டு அடித்தார். அந்த வெள்ளையில் படத்தைப் போட்டால், இடது ஓரத்தில் மேலும் கீழும் ஓர் அங்குல வெள்ளை மிச்சமாகும். வலது ஓரத்தில் படம் மேலும் கீழும் ஓர் அங்குலம் வெள்ளையைத் தாண்டி வழியும். ஓரம் கோணினால் தையல்காரருக்கு இருப்புக் கொள்ளாது. படம் கோணலாக விழுகிறது என்று முடிவுகட்டினேன். சுவர் கோணலாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவரை யாரும் சந்தேகிப்பதில்லை.

8. பிப்ரவரி 16 அன்று நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ‘நான்கு மூலைத் திருத்தம்’ என்று ஒரு வசதி இருந்தது. படத்தின் எந்த மூலையையும் ரிமோட்டால் பிடித்து, வேண்டிய இடத்துக்கு இழுத்து நிறுத்தலாம். மேசை விரிப்பை நாலு பக்கமும் இழுத்துச் சுருக்கம் எடுப்பது போலத்தான். அன்று மாலை ஒரு மூலையை மட்டும் இழுத்துப் பார்த்து, பழையபடி விட்டேன். சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு மாதமாக என்னை ஆட்டிவைத்த இயந்திரம் கடைசியில் என் கைக்குள் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

9. மறுநாள் காலை ஒன்பதரைக்கு வெளித்தேர்வாளர் வந்தார். படத்தைப் பார்த்து, “கொஞ்சம் கோணலா இருக்கேம்மா?” என்றார். அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். மாற்றச் சொல்லவில்லை. “ஒரு நிமிஷம் சார், அதுக்கும் இதுல வசதி இருக்கு” என்று சொல்லி, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து வெள்ளைக்குள் அடைத்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. தேர்வாளர் “பரவாயில்லையே!” என்றார். மாணவியர் கைதட்டினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தேர்வு அறையில் நிற்கிறேன். எனக்காக யாரும் கைதட்டியது அதுவே முதல் முறை. பெருமையாக இருந்தது. பிறகு விதிப்படி நடுவில் இருந்த ஓர் அடிக் கோட்டைத் தேர்வாளர் முன்னிலையில் அளந்து காட்டினேன். நூல் பிசகாமல் பன்னிரண்டு அங்குலம். அவர் படிவத்தில் கையொப்பமிட்டார். தேர்வு தொடங்கியது.

10. மதியத்துக்கு மேல் கையைப் பொருத்தும் நேரம் வந்தது. முதல் மூன்று எண்களுக்கும் கை பெரிதாக இருந்தது; மிஞ்சிய துணி தோளில் சுருங்கிச் சுருங்கி நின்றது. கடைசி மூன்று எண்களுக்கும் கை போதவில்லை. இழுத்துத் தைத்ததில் அக்குள் பிடித்துக்கொண்டது. நடுவில் இருந்த இருவருக்கு மட்டும் பொருந்தியது. பேசக் கூடாது என்பது விதி. நானும் பேசவில்லை. தேர்வாளர் ஆறு பேருடைய தாளிலும் “அளவு பார்த்து வரையத் தெரியவில்லை” என்று ஒரே குறிப்பை எழுதிச் சென்றார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததை அவர் எழுதினார்.

11. எண்களை மட்டும் எழுதிக்கொண்டே போனால் இவர்கள் தங்களுக்கு எண்களாகவே தெரிவார்கள். எனவே இருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தேர்வு எண் 8-ஐ வகுப்பில் ‘ஊசி’ என்பார்கள். ஆளும் ஒல்லி, வாயைத் திறந்தால் சுருக்கென்று ஒரே சொல். காலையில் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுவிட்டு வகுப்புக்கு வருபவர். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தாயும் தகப்பனும் அவரே. என் இருபத்திரண்டு ஆண்டுகளில் அவரைப் போல் கத்தரி பிடித்தவரை நான் பார்த்ததில்லை. கோட்டின் மேல் வெட்டச் சொன்னால் கோடு இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் பாதிப் பாதி நிற்கும். “உனக்கு மருத்துவமனை வேலை உறுதி” என்று நான் நம்பிக்கை சொன்னதைக் கேட்டு, மார்ச்சோடு நின்றுவிடுவதாகச் சலவைக் கடையில் சொல்லிவிட்டார். அங்கே வேறு ஆளும் வந்தாயிற்று. தேர்வு அன்று அவர் அந்தக் கையை மூன்று முறை பிரித்து மூன்று முறை தைத்தார். நான்காம் முறை பிரிக்க நேரம் இல்லை.

12. தேர்வு எண் 5-ஐ ‘அரைக்காஜா’ என்பார்கள். பட்டனுக்கான காஜாவைப் பாதி போடுவதற்குள் பேச்சு சுவாரசியத்தில் மீதியை மறந்துவிடுவார். பிப்ரவரி 26 அன்று அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டப்பட்டபோது இவர் பெயர்தான் முதலிடத்தில் இருந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், நேராக என்னிடம் வந்து நின்றார். “டீச்சர், நான் முதல் ஆளா வந்திருக்கேன்னா ரிசல்ட்லதான் ஏதோ கோளாறு. ஊசி ஃபெயிலாம், நான் பாஸாம். வெளிய சொன்னா சிரிப்பாங்க. அந்தப் பேப்பர்க் கையெல்லாம் ஒரு தடவ எடுத்துப் பாருங்க டீச்சர்” என்றார். தன் தேர்ச்சியின் மீது தானே சந்தேகம் கிளப்பிய மாணவியை நான் இதற்கு முன் கண்டதில்லை. அவர் சொல்லியிராவிட்டால் தேர்வுத் தாள்களைப் பூட்டி வைத்த அலமாரியை நான் திறந்திருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

13. நிலைய முதல்வரின் அனுமதியோடு எட்டுத் தாள்களையும் எடுத்து, மாணவியர் நின்ற வரிசையிலேயே மேசையில் பரப்பினேன். தையல் வேலையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். கையின் அகலம் ஒன்பது அங்குலம் இருக்க வேண்டும். முதலாமவருடையது நான்கு நூல் கூடுதல். இரண்டாமவருடையது மூன்று நூல் கூடுதல். மூன்றாமவருடையது இரண்டு நூல். நான்கும் ஐந்தும் ஏறத்தாழச் சரி. ஆறாமவருடையது இரண்டு நூல் குறைவு, ஏழாமவருடையது மூன்று நூல் குறைவு, ஊசியுடையது நான்கு நூல் குறைவு. துணியை மடித்து வெட்டுவதால் விரித்தால் இது இரட்டிப்பாகும். அளக்கத் தெரியாதவர்கள் செய்யும் தவறு கன்னாபின்னாவென்று இருக்கும். இப்படிப் படிக்கட்டு கட்டி வரிசையில் நிற்காது.

14. பிறகு சுவரை அளந்தேன். வெள்ளையின் உயரம் இடது ஓரத்தில் அறுபத்திரண்டு அங்குலம். வலது ஓரத்தில் ஐம்பத்தெட்டு. மூன்று வாரம் சரியாக இருந்த படத்தை, கோணலான சுவருக்குள் நான் இழுத்து அடைத்திருக்கிறேன். மூலையோடு சேர்ந்து உள்ளே இருந்த கைகளும் இழுபட்டு, இடப்புறம் பெருத்தும் வலப்புறம் சிறுத்தும் போயிருக்கின்றன. நடுவில் மட்டும் அளவு மாறவில்லை. ஓர் அடிக் கோடு இருந்ததும் நடுவில்தான். அன்று டேப் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு எட்டு நடந்து ஓரத்தில் இருந்த ஒரு கையை அளந்திருந்தால் போதும். படம் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கும்போது ஓரத்தை அளக்க வேண்டும் என்று தோன்றவில்லை. என் மாணவியரிடம் ஒவ்வொரு நாளும் “கண்ண நம்பாதீங்க, டேப்ப நம்புங்க” என்று சொல்பவள் நான்.

15. இதை அன்று மாலையே முதல்வர் அம்மாவிடம் சொன்னேன். ஜூன் மாதம் தலைமைப் பயிற்றுநர் பதவிக்கு என் பெயர் பரிந்துரையில் இருக்கிறது. தேர்வைக் கெடுத்தவர் என்று பதிவானால் அது போய்விடும். என் மீதுள்ள அக்கறையில்தான் அவர், “மெஷின் மேல எழுதிடுங்க டீச்சர். மெஷின் எழுந்து வந்து இல்லேன்னு சொல்லப் போகுதா?” என்றார். அப்படியே எழுதினேன். மெஷின் எழுந்து வரவில்லை, மெக்கானிக் வந்தார். எல்லா வசதிகளையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, ஓர் அடிக் கோட்டை அளந்து, எல்லாம் சரி என்று எழுதிக்கொடுத்தார். நான்கு மூலைத் திருத்தம் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

16. ஆகவே, புகாருக்குரியவர் யார் என்பதைத் தெளிவாக எழுதுகிறேன். பெயின்டர் அல்லர், தெரிந்த கோட்டை வைத்து வெள்ளை அடிக்கச் சொன்னது நான். வெளித்தேர்வாளர் அல்லர். இயந்திரம் அல்ல; அது சொன்னதைச் சொன்னபடி செய்தது. பொத்தானை அழுத்தியவரும், ஓரத்தை அளக்காதவரும், தெரிந்த பிறகும் பொய்யான காரணத்தை எழுதித் தங்கள் அலுவலகத்தின் நேரத்தையும் மாணவியரின் இரண்டு வாரங்களையும் வீணடித்தவரும் இந்த மனுவை எழுதும் தையல் பயிற்றுநரே. இதற்குச் சான்றாக எட்டுத் தாள்களையும் சுவரின் அளவுக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன். மார்ச் 12 அன்று காஜாப் பிரிவுப் பயிற்றுநரும் ஸ்டோர் கீப்பரும் பார்த்திருக்க, அதே திருத்தத்தை மீண்டும் போட்டு எட்டு இடங்களிலும் அளந்தோம். அதே கணக்கு வந்தது. இருவரும் கையொப்பமிட்ட தாளும் உடன் இருக்கிறது. ஸ்டோர் கீப்பர் கையொப்பமிடும்போது லென்ஸ் மூடியை நினைவூட்டினார். வாங்கிக்கொண்டேன்.

17. எனது கோரிக்கைகள்:

(அ) ஆறு மாணவியரின் தோல்வியை ரத்து செய்து, மார்ச் 28-க்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். துணி, நூல், அறை எல்லாம் தயாராக இருக்கின்றன. மாணவியரும் தயாராக இருக்கிறார்கள்.

(ஆ) அன்று வேறொரு பயிற்றுநரை நியமிக்க வேண்டும். நான் வெளியே நிற்கிறேன்.

(இ) தேறிய இருவரின் தேர்ச்சியைத் தொட வேண்டாம். ‘அரைக்காஜா’ தனக்கும் சேர்த்து மறுதேர்வு வைக்கச் சொல்கிறார். அது அவருடைய நல்ல மனது. தங்கள் அலுவலகம் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

(ஈ) புரொஜெக்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நல்ல இயந்திரம். ஓர் அடிக் கோட்டை நடுவில் மட்டும் போடாமல் இரண்டு ஓரங்களிலும் போடும்படி படம் தயாரிப்பவர்களுக்குச் சொன்னால், வேறு நிலையங்களில் என்னைப் போல் இன்னொருத்தி இருந்தாலும் மாணவியர் தப்பிப்பார்கள்.

(உ) என் மீது விதிப்படி நடவடிக்கை எடுக்கலாம். அதற்கான விளக்கத்தை நான் தனியே தர வேண்டியதில்லை. இந்த மனுவே என் விளக்கம்.

18. இன்னும் ஒன்று இருக்கிறது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததால் கடைசியில் வைத்திருக்கிறேன். தங்கள் ஆணை வந்த மறுநாள், மார்ச் 11 அன்று, ஊசி தன் தையல் பெட்டியை எடுத்துப்போக வந்தார். அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. “டீச்சர், நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த தடவ அத மட்டும் பாத்துக்கறேன்” என்றார். எனக்குப் பதில் தெரியும். பதின்மூன்று நாட்களாகத் தெரியும். நான், “கோட்ட விட்டுக் கொஞ்சம் உள்ள போயிட்டம்மா. கவனமா வெட்டணும்” என்று சொன்னேன். ஐயா, வாழ்க்கையில் ஒரு நாளும் கோட்டை விட்டு விலகாதவரிடம் அப்படிச் சொன்னேன். “சரி டீச்சர்” என்றார். பெட்டியைத் திறந்து கத்தரியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை வைத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மறுநாள்தான் சாட்சிகளை வைத்துச் சுவரை அளந்தேன்.

19. நேற்று அவர் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சுவர், மூலை, நூல் கணக்கு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்காக நீங்க ஏன் டீச்சர் பழிய உங்க மேல போட்டுக்கறீங்க? நான் இனிமே கோட்ட ஒட்டி வெட்டிக்கறேன்” என்றார். நான் சொன்ன பொய்யை ஒரு கேள்வி கேட்காமல் நம்பியவர், உண்மையை நம்ப மறுக்கிறார். எவ்வளவு சொல்லியும் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. மறுதேர்வு நடந்தாலும் இந்த மனநிலையோடு கத்தரியைப் பிடித்தால் அவர் நிஜமாகவே கோட்டை விட்டு விலகிவிடுவார். எனவே, மறுதேர்வுக் கடிதம் தேர்வு எண் 8-க்குப் போகும்போது, ‘தாங்கள் கோட்டின் மேல் சரியாகவே வெட்டியிருந்தீர்கள், தவறு தங்களுடையதல்ல’ என்று ஒரு வரியைச் சேர்த்து, அதன் கீழே தங்கள் அலுவலக முத்திரையை வைக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால் அவர் இனி நம்ப மாட்டார்.

இடம்: வெட்டு அறை, பயிற்சி நிலையம்
நாள்: மார்ச் 14

எழுதியவை அனைத்தும் உண்மை என உறுதி கூறும்,

(ஒப்பம்)
தையல் பயிற்றுநர்,
மனுதாரரும் எதிர்மனுதாரரும்.